கடிபட்ட நட்டு

"தொடாதீங்க!"

பட்டறையக்கா போட்ட சத்தத்தில் என் கைப்பை தரையில் விழுந்தது.

"நான் இன்னும் தொடவே இல்லையேங்க," என்றேன்.

"தொடப் போனீங்க."

உண்மைதான், போனேன். பளபளவென்று எது இருந்தாலும் என் கை அதன்மேல் போய்விடும்.

"அவ கையைக்கூடக் கட்டிப் போட்டுடலாம். வாயை என்ன பண்றதுன்னுதான் தெரியலை," என்று சொல்லிக்கொண்டே அண்ணி அந்த மோட்டார் சைக்கிள் பக்கத்தில் மண்டியிட்டார்.

அண்ணிக்குத் துப்பறிவது தொழில். அவருக்குக் கார் ஓட்டுவதும் அவர் யோசிக்கும்போது குறுக்கே பேசுவதும் என் தொழில். நான் அவர் கணவருக்குத் தங்கை. மற்ற வீட்டு அண்ணிகள் நாத்தனாரை எப்படி வீட்டைவிட்டு அனுப்பலாம் என்றுதான் துப்பறிவார்கள். என் அண்ணி என்னை வேலைக்கு வைத்துச் சம்பளமும் கொடுக்கிறார். எனக்கே அது சந்தேகமாகத்தான் இருக்கிறது.

அந்த வண்டி என் அப்பா பிறப்பதற்கு முன்னால் செய்தது. ஒரு பல் டாக்டருக்குச் சொந்தம். துருப்பிடித்த இரும்புக் குவியலாக வந்ததை, பட்டறையக்காவின் மெக்கானிக் கணவர் ஒவ்வொரு ஆணியாகப் பார்த்துப் பார்த்து உயிர் கொடுத்திருந்தார். டாக்டர் அதை முதல் தடவையாக மெயின் ரோட்டுக்கு எடுத்துப் போனார். செயினை இழுக்கிற முன்பக்கப் பல்சக்கரம் நழுவியது, செயின் சுருண்டு சிக்கியது, பின்சக்கரம் நின்றது. டாக்டர் நிற்கவில்லை. பறந்துபோய் விழுந்ததில் பல் டாக்டருக்கே தாடை உடைந்து, வாயைக் கம்பியால் கட்டிவிட்டார்கள். வலது கையில் மாவுக்கட்டு. மருந்து மயக்கம் வேறு. பேசவும் முடியாது, எழுதவும் முடியாது.

பேச முடிந்த ஒரே ஆள் டாக்டரின் தம்பி. அவர் நேராகப் போலீசுக்குப் போய், "மெக்கானிக் நட்டைச் சரியா முடுக்கலை, என் அண்ணனைக் கொல்லப் பார்த்தான்" என்று புகார் கொடுத்துவிட்டார். மெக்கானிக்கை ஸ்டேஷனில் உட்கார வைத்திருந்தார்கள். இன்றைக்குச் சாயங்காலம் இன்ஸ்பெக்டர் வந்து வண்டியைக் கடைசியாக ஒரு தடவை பார்ப்பார். வேறு காரணம் எதுவும் கிடைக்காவிட்டால் வழக்கு, கோர்ட்டு. அப்படி ஒரு வழக்கு வந்துவிட்டால், பிறகு அந்தப் பட்டறைக்குச் சைக்கிளுக்குக் காற்றடிக்கக்கூட யாரும் வர மாட்டார்கள். அதனால்தான் பட்டறையக்கா காசு கொடுத்து அண்ணியைக் கூப்பிட்டிருந்தார்.

"இந்த நட்டுதான்க்கா," என்று பட்டறையக்கா விரலை நீட்டினார்.

இஞ்சின் பக்கத்து மூடி கழன்று கிடந்தது. உள்ளே ஒரு தண்டு, அதன் நுனியில் ஒரு பெரிய நட்டு பாதி கழன்று தொங்கியது. அதற்குப் பின்னால் கிரீஸ் அப்பிய ஒரு வாஷர், அதற்கும் பின்னால் இடம் பெயர்ந்த பல்சக்கரம். எல்லாவற்றின்மேலும் எண்ணெயும் ரோட்டுப் புழுதியும் சேர்ந்து பிசுபிசுவென்று படிந்திருந்தன. ஆனால் நட்டின் ஆறு மூலைகளும் மினுமினுவென்று சிதைந்து, நாய் கடித்த எலும்பு மாதிரி இருந்தன.

"இப்ப வர்ற மில்லிமீட்டர் ஸ்பேனர் எதுவும் இந்த வண்டிக்குச் சேராது," என்றார் பட்டறையக்கா. "அந்தக் காலத்து அளவே வேற. ஒண்ணு உள்ளயே போகாது, இல்லேன்னா லொடலொடன்னு ஆடும். அமுக்கித் திருப்பினா வழுக்கிட்டு இப்படிக் கடிச்சு வெச்சுடும். எங்க வீட்டுக்காரர் இதுக்குன்னே தனி செட்டு வெச்சிருக்கார். அங்க பாருங்க."

சுவரில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்தை வெள்ளைப் பெயின்டில் வரைந்து, அந்த உருவத்தின் மேலேயே அதை மாட்டியிருந்தார்கள். தண்டிலிருந்து சக்கரத்தை உருவி எடுக்கிற மூன்று கால் புல்லர், வால்வு ஸ்பிரிங்கை அமுக்குகிற கவ்வி, ஸ்போக் கம்பியை முறுக்குகிற குட்டிச் சாவி, சைலன்சர் வளையத்துக்காகப் பிறை மாதிரி வளைந்த ஒரு ஸ்பேனர். என் வீட்டு அடுக்களைகூட இவ்வளவு ஒழுங்காக இருந்ததில்லை.

"அப்போ இது வெளியாள் வேலை," என்றார் அண்ணி.

"அதைத்தான்க்கா தலையால அடிச்சுக்கறேன்! டாக்டரோட தம்பி புது ஸ்பேனர் பெட்டி வாங்கி வெச்சிருக்கார். எல்லாம் மில்லிமீட்டர். அண்ணன் தம்பிக்குள்ள அந்த வண்டி ஷெட்டை வெச்சுத் தீராத சண்டை. போதாதா?"

"ஸ்பேனர் விஷயமெல்லாம் நல்லாத் தெரிஞ்சு வெச்சிருக்கீங்களே," என்றேன் நான்.

"அய்யய்யோ, எது பத்து எது பன்னெண்டுன்னுகூட எனக்குத் தெரியாதுங்க. அவர் பேசறதைக் கேட்டுக் கேட்டு ஒப்பிக்கறேன். நான் உண்டு, வீடு உண்டு, பிள்ளைங்க உண்டு."

அண்ணி கைக்குட்டையால் நட்டைப் பிடித்து, முடுக்குவதுபோல வலது பக்கம் திருப்பினார். அது நல்ல பிள்ளையாகக் கழன்று அவர் கையில் வந்து விழுந்தது.

"நாத்தனாரே, முடுக்கப் போனேன், கையோட வந்துடுச்சு."

"உங்க ராசி அப்படி அண்ணி. அண்ணனையும் அப்படித்தானே பிடிச்சீங்க?"

"அது எதிர் மரைக்கா," என்று பட்டறையக்கா குறுக்கிட்டார். "இந்த ஒரு நட்டுக்கு மட்டும் மரை தலைகீழா வெட்டியிருக்கும். இடது பக்கம் திருப்பினா இறுகும், வலது பக்கம் திருப்பினா கழலும். அதுவும் அவர் சொல்லிக் கேட்டதுதான்."

அண்ணி அந்தக் கடிபட்ட மூலைகளை ஒரு தடவை ஜன்னல் வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். பிறகு நட்டைத் தண்டிலேயே தொங்கவிட்டு எழுந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அப்படி ஒன்றும் தெரியாமல் இருந்தால் ஏதோ தெரிந்துவிட்டது என்று அர்த்தம்.

"வண்டியை எடு," என்றார். "தம்பியைப் பார்த்துட்டு வந்துடலாம்."

டாக்டரின் தம்பி கதவைத் திறந்தபோதே அவருக்கு வேர்த்திருந்தது. இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தார்.

"என்ன வேணும்?"

"உங்க ஸ்பேனர் பெட்டியைப் பார்க்கணும்," என்றார் அண்ணி.

"எதுக்கு?"

"எங்க கார் டயர் பஞ்சர்," என்றேன்.

அவர் எட்டிப் பார்த்தார். நான்கு டயரும் கிண்ணென்று இருந்தன. என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

"பின்னாடி என்ன மறைக்கிறீங்க?" என்று அண்ணி பட்டென்று கேட்டார்.

"ஒண்ணுமில்லையே."

"ஒண்ணுமில்லாததை ஏன் மறைக்கணும்?"

கை மெதுவாக முன்னால் வந்தது. நான் ஒரு ஸ்பேனரை எதிர்பார்த்தேன். வந்தது அளவெடுக்கிற டேப்பு. அதே நேரம் பின்பக்கத்திலிருந்து ஒரு கொத்தனார் எட்டிப் பார்த்து, "சார், ஷெட்டோட அகலத்தைப் பிடிக்கலாமா?" என்று கேட்டார்.

அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடக்க, இவர் அண்ணனின் ஷெட்டை இடித்து மாடி கட்ட அளவெடுத்துக்கொண்டிருக்கிறார்! எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பதை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். இந்த ஆளைத் தூக்கி உள்ளே போட்டால் என்ன என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

"சும்மா ஒரு கணக்குக்கு," என்றார் தம்பி டேப்பைச் சுருட்டிக்கொண்டு. "பெட்டிதானே வேணும், பாருங்க."

பெட்டி பளபளத்தது. திறந்ததும் என் உற்சாகம் வடிந்துபோனது. ஒவ்வொரு ஸ்பேனரும் கடையில் போட்ட பிளாஸ்டிக் உறைக்குள் ஒட்டினது ஒட்டினபடி இருந்தது. ஒன்றின் உறைகூடப் பிரிக்கப்படவில்லை.

"சைக்கிள் செயின் கழண்டாலே நான் பக்கத்து வீட்டுக்காரரைத்தான் கூப்பிடுவேன்," என்றார் அவர் ரோஷத்தோடு. "அண்ணன்தான் அந்தப் பைத்தியம். வந்து பாருங்க அவன் கூத்தை."

ஷெட்டுக்குள் போனோம். வண்டி நின்ற இடம் காலியாக இருந்தது. மற்றபடி அது ஷெட்டா, டாக்டரின் க்ளினிக்கா என்று சந்தேகம் வரும். வெல்வெட் விரித்த பெட்டியில் பழைய அளவு ஸ்பேனர்கள் சின்னதிலிருந்து பெரிதுவரை படுத்திருந்தன. வேலை செய்யும் மேஜைமேல் பல் குடைகிற ஊசிகளும் குட்டிக் கண்ணாடியும் வைக்கிற ஸ்டீல் தட்டு. அதில் அரைகுறையாக வெட்டிய ஒரு தகட்டு வளையம் கிடந்தது. ஒரு பக்கம் மடிந்து, மறுபக்கம் நிமிர்த்தப்பட்டு, பார்க்கவே பாவமாக இருந்தது.

"இது என்ன?" என்று அண்ணி கேட்டார்.

"குப்பை. தூக்கிப் போடறேன்னு சொன்னான். வண்டி பட்டறையில இருந்து வந்த அன்னிக்குத்தான் வெளிநாட்டுல இருந்து இவனுக்கு ஒரு பார்சலும் வந்துது. உள்ள இதே மாதிரி ஒரு வளையம். ஒரிஜினலாம்! கல்யாண மோதிரத்தைக் காட்டற மாதிரி எனக்குத் தூக்கிக் காட்டறான். நாள் முழுக்க இந்தக் கதவைச் சாத்திக்கிட்டு உள்ளயே இருந்தான்."

"அந்தக் குப்பையை நான் எடுத்துக்கட்டுமா?"

"இந்த ஷெட்டையே எடுத்துட்டுப் போங்க," என்றார் தம்பி.

காரில் ஏறியதும் நான் ஆரம்பித்தேன். "அண்ணி, அந்த ஆள் கெட்டிக்காரன். வேற ஏதோ பழைய ஸ்பேனரால நட்டைக் கடிச்சுட்டு, புதுப் பெட்டியை நம்ம கண்ணுல காட்டறான்."

"ஒரு பாட்டில் மூடியைத் திறக்கணும். எந்தப் பக்கம் திருப்புவே?"

"இடது பக்கம்."

"மூடி வழுக்கினா உன் நகக்கீறல் எந்தப் பக்கமா இழுத்திருக்கும்?"

"இடது பக்கமாத்தான்."

"அந்த நட்டுல கடி எல்லாமே இடது பக்கமாத்தான் இழுத்திருக்கு. ஒரு கடிகூட வலது பக்கம் இல்ல."

"அப்போ திறக்க வந்த பயதான். நான் சொன்னது சரி."

"அது எதிர் மரை."

நான் பிரேக்கை அழுத்தினேன். பின்னால் வந்தவர் ஹாரனை அமுக்கி என் பரம்பரையை விசாரித்துவிட்டுப் போனார்.

"இடது பக்கம் திருப்பினா அந்த நட்டு இறுகும்," என்றேன் மெதுவாக. "அப்போ கடிச்ச ஆள் கழட்டவே இல்ல. முடுக்கியிருக்கான்! அப்புறம் அது எப்படிக் கழண்டுது?"

"கழண்டது வேற கதை, கடிச்சது வேற கதை. நட்டு மேலெல்லாம் ரோட்டுப் புழுதி. கடி மட்டும் மினுமினுன்னு இருக்கு. வண்டி விழுந்து, பட்டறைக்கு வந்து சேர்ந்ததுக்கு அப்புறம் கடிச்சது. கழண்டு தொங்கற நட்டு பிடிமானம் இல்லாம சுத்தும், ஸ்பேனர் வழுக்கவே வழுக்காது. முதல்ல இறுக்கி வெச்சுட்டுத்தான் கடிக்க முடியும். அப்புறம் பழையபடி கழட்டித் தொங்க விட்டிருக்காங்க. தெரியாதவன் ஒருத்தன் இடது பக்கம் திருப்பிப் பார்த்தான்னு காட்டறதுக்காக, தெரிஞ்ச ஆள் ஒருத்தர் பண்ணின வேலை இது."

"பட்டறைக்குள்ள யார் அண்ணி இருக்காங்க? மெக்கானிக் ஸ்டேஷன்ல..."

சொல்லி முடிக்குமுன் எனக்கே பதில் தெரிந்துவிட்டது. நமக்குக் காசு கொடுத்துக் கூப்பிட்டவரையே நாம் சந்தேகப்படுவதா? "பட்டறைக்கு விடு," என்றார் அண்ணி.

பட்டறையக்கா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். "தம்பி ஒத்துக்கிட்டாரா?"

"ஜீப்பு எப்ப வேணும்னாலும் வந்துடும்," என்றார் அண்ணி நட்டைக் கழற்றி எடுத்தபடி. "இதை நான் தொட்டது தெரிஞ்சா இன்ஸ்பெக்டர் கத்துவார். மாட்டிடலாம். நாத்தனாரே, நீ மாட்டு."

நான் மாட்டினேன். அதாவது மாட்டப் பார்த்தேன். வைத்தேன், திருகினேன், கோணலாகச் சிக்கியது. உருவினேன், வைத்தேன், மறுபடி சிக்கியது.

"கொடுங்க, மரை போயிடப் போகுது," என்று பட்டறையக்கா அதை வாங்கினார். கண்ணெல்லாம் வாசலில், ஜீப் வருகிறதா என்று. விரல்கள் மட்டும் நட்டைத் தண்டில் வைத்து, முதலில் வலது பக்கம், அதாவது கழற்றுகிற பக்கம், லேசாகச் சுற்றின. 'டக்' என்று மரை மரையில் உட்கார்ந்தது. உடனே இடது பக்கம் ஒரு சுண்டு சுண்டினார். நட்டு வெண்ணெயில் போவதுபோல உள்ளே போனது. அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை.

"எது பத்து, எது பன்னெண்டுன்னு தெரியாதவங்க கை இல்லையே இது," என்றார் அண்ணி.

பட்டறையக்காவின் கை அப்படியே நின்றது.

"ராத்திரி பகலா அவரோட சேர்ந்து இதெல்லாம் செஞ்சிருக்கீங்க. தப்பே இல்ல. ஆனா ஏன் கடிச்சீங்க?"

அவர் நட்டிலிருந்து கையை எடுத்தார். பிறகு பொங்கிவிட்டார்.

"வேற என்னக்கா பண்ணச் சொல்றீங்க? வண்டியை இழுத்துட்டு வந்து போட்டாங்க. மூடியைத் திறந்து பார்த்தேன். வாஷர் தட்டையா இருக்கு! நட்டை முடுக்கினதும் வாஷரோட ஓரத்தை நட்டு மேல மடிச்சு விடணும். அதுதான் பூட்டு. மடிக்கலேன்னா ஓட ஓட நட்டு தானா கழண்டுடும். மடிப்போட தடமே அதுல இல்ல. மனுஷன் மறந்துட்டார்னு எனக்கு ஈரக்குலையே நடுங்கிப் போச்சு. அவரைக் காப்பாத்த எனக்கு வேற வழி தெரியலை."

"அதுக்காக அந்தத் தம்பி உள்ள போகணுமா?" என்றேன்.

"போகட்டுமே! புகார் கொடுத்தது அந்த ஆள்தானே?"

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அண்ணி அவரைத் திட்டவில்லை. கைக்குட்டையைப் பிரித்து, டாக்டரின் தட்டில் கிடந்த அந்தத் தகட்டு வளையத்தை நீட்டினார்.

பட்டறையக்கா அதைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் கொஞ்சம் பச்சைப் பெயின்ட் ஒட்டியிருந்தது.

"இது எங்க வீட்டுப் பழைய ஃபேனோட அடித்தகடு," என்றார் குரல் இறங்கி. "ஒரிஜினல் எங்கயும் கிடைக்கலைன்னு அவரே வெட்டினார். நான்தான் இடுக்கியில பிடிச்சுக்கிட்டு நின்னேன். இது எப்படி உங்ககிட்ட?"

"மடிப்பு இருக்கா பாருங்க."

இருந்தது. நன்றாக மடித்து, பிறகு யாரோ ஊசியால் நிமிர்த்திய தடம்.

"அப்போ தண்டுல இருக்கறது?"

"துடைச்சுப் பாருங்க."

ஒரு துணியை எடுத்து, தண்டிலிருந்த வாஷரின் கிரீஸை அவர் துடைத்தார். கிரீஸுக்கு அடியிலிருந்து அந்தக் காலத்துக் கம்பெனி முத்திரை புத்தம் புதிதாக எட்டிப் பார்த்தது. டாக்டர் ஆசை ஆசையாக வரவழைத்த ஒரிஜினல். தானே உட்கார்ந்து மெக்கானிக்கின் வாஷரை எடுத்துவிட்டு, இதைப் போட்டு, தன் வெல்வெட் பெட்டி ஸ்பேனரால் ஒரு கீறல் விழாமல் முடுக்கியிருக்கிறார். ஆனால் மடிக்கவில்லை. உலகத்திலேயே தேடிப் பிடித்த ஒரு பொருளை மடித்துச் சுருக்கம் விழ வைக்க, பழைய வண்டிப் பைத்தியம் பிடித்த எந்த மனுஷனுக்கு மனசு வரும்?

பட்டறையக்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அவர் மறக்கலை," என்றார். "அவர் மறக்கவே இல்ல."

"இப்ப ஒரு சிக்கல்," என்றார் அண்ணி. "நட்டைக் கடிச்சது நீங்கன்னு வேற யார் மூலமா தெரிஞ்சாலும், கடிச்ச கைதான் வாஷரையும் மாத்திச்சுன்னு சொல்லிடுவாங்க. அப்புறம் இந்த முத்திரையை எவனும் நம்ப மாட்டான். நான் சொல்லக் கூடாது. நீங்களே சொல்லணும்."

"இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்றேன்க்கா. என்னைப் பிடிச்சு உள்ள போட்டாலும் பரவாயில்ல. எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் தெரிய வேண்டாம். காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் இறங்கினார். பின்னால், சட்டை கசங்கி, தாடி முளைத்து, மெக்கானிக்கும் இறங்கினார். வண்டியைக் காட்டி விளக்கச் சொல்ல அவரையும் கூட்டி வந்திருந்தார்கள்.

பட்டறையக்கா அண்ணியைப் பார்த்தார். அண்ணி முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, உதவியும் செய்யவில்லை.

"சார்," என்றார் பட்டறையக்கா. "நட்டைக் கடிச்சது நான்."

எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் விடவில்லை. இன்ஸ்பெக்டர் முதலில் எகிறினார், பிறகு இரண்டு வாஷரையும் கையில் வாங்கிப் பார்த்தார், பிறகு ஆஸ்பத்திரியில் காவலுக்கு இருந்த போலீஸ்காரருக்குப் போன் போட்டார். அங்கே டாக்டருக்கு மயக்கம் தெளிந்திருந்தது. வாஷரை மாற்றியது நீங்களா, மடிக்காமல் விட்டது நீங்களா என்று கேட்டதற்கு, கண்ணை மூடிக்கொண்டு இரண்டு தடவையும் தலையாட்டினாராம்.

"இன்னொரு தடவை சாட்சியத்துல கை வெச்சீங்க, புருஷனுக்குப் பதிலா உங்களைக் கூட்டிட்டுப் போவேன்," என்று பட்டறையக்காவைப் பார்த்து உறுமிவிட்டு, இன்ஸ்பெக்டர் ஜீப்பில் ஏறினார். மெக்கானிக்கை ஏறச் சொல்லவில்லை. அதுதான் விடுதலை.

நாங்கள் ஜெயித்துவிட்டோம். ஆனால் யாரும் சிரிக்கவில்லை.

மெக்கானிக் குனிந்து அந்த நட்டைத் தடவிப் பார்த்தார்.

"குடையை மறப்பேன்," என்றார் நிமிராமல். "வீட்டுச் சாவியை மறப்பேன். கல்யாண நாளை மறந்து உங்கிட்டத் திட்டு வாங்கியிருக்கேன். இதை மறப்பேன்னா நெனச்சே?"

"நெனச்சேன்," என்றார் அக்கா. பொய் சொல்லி அவருக்கு அலுத்துப் போயிருந்தது.

மெக்கானிக் தலையை ஆட்டினார். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"ஸ்டேஷன்ல திருப்பித் திருப்பிக் கேட்டாங்க. நானும் ஒண்ணுதான் திருப்பித் திருப்பிச் சொன்னேன். என் பொண்டாட்டியைக் கேளுங்க சார், நான் மடிக்காம விட்டிருக்க மாட்டேன்னு அவ சொல்லுவான்னு."

அக்கா அப்போதுதான் அழுதார்.